அடமானத்தில் உள்ள வீட்டைக் காக்கச் சட்டம் காட்டும் வழிகள்

ஆர்.கே.பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய ஊர்களிலும் நெசவாளர் வீடு என்பது குடியிருக்கும் இடம் மாத்திரமன்று, அதுவே தொழிற்கூடமுமாகும். முன்கூடத்தில் தறி ஓடும். அதன் ஓசையிலேயே குழந்தை உறங்கும். பின்கட்டில் அடுப்பு எரியும். ஆகவே, வீடு ஒன்று ஏலத்தில் போகுமாயின் ஒரு குடும்பம் கூரையை மட்டும் இழப்பதில்லை. கூலி வரும் வழியையும் சேர்த்தே இழக்கின்றது. கரும்பும் வேர்க்கடலையும் பயிரிடும் நமது அங்கத்தினர்க்கும் இது பொருந்தும். கிணறு வெட்டவும், பெண்ணின் திருமணத்திற்கும், பிள்ளையின் படிப்பிற்கும் ஊரிலுள்ள வீட்டுப் பத்திரமே ஈடாகச் செல்கின்றது.

இவ்வாறு ஈடு வைத்த கடன் தவணை தவறி, வங்கியின் நோட்டீஸ் வாயிற்கதவில் ஒட்டப்படும் வேளையில் பலர் செய்யும் பிழைகள் மூன்று. முதலாவது, பதிவுத் தபாலை வாங்க மறுத்தல். இரண்டாவது, ஒரு தவணையைக் கட்டுவதற்காகக் கந்துவட்டிக்கு வாங்கி, ஒரு கடனை இரண்டாக்கிக் கொள்ளுதல். மூன்றாவது, “கோர்ட்டிலிருந்து சம்மன் வரட்டும், அப்பொழுது பார்த்துக்கொள்ளலாம்” என்று காத்திருத்தல். இம்மூன்றனுள் மூன்றாவதே பெரும்பிழை. ஏனெனில், இன்றுள்ள சட்டப்படி அந்தச் சம்மன் வராமலேயே வீடு ஏலம் போய்விடலாம். இதனை நமது அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாதலின், விவரமாக எடுத்துரைக்க முற்படுகிறோம்.

சட்டம் மாறிய விதம்

அடமானம் பற்றிய அடிப்படைச் சட்டம் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமாகும். அதன் 60-ஆவது பிரிவு கடனாளிக்கு ஓர் அரிய உரிமையை அளிக்கின்றது. கடனைத் தீர்த்துச் சொத்தை மீட்கும் உரிமையே அது. பத்திரத்தில் என்ன நிபந்தனை எழுதியிருந்தாலும், அடமானம் என்று தொடங்கியது இறுதிவரை அடமானமே. தவணை தவறியது ஒன்றையே காரணமாகக் காட்டி, கடன் கொடுத்தவர் சொத்துக்கு உடையவராகிவிட முடியாது. சொத்தை விற்கவேண்டுமாயின் அவர் பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்தில் தாவா தொடுத்து, டிக்ரி பெற்று, அதன் பின்னரே ஏலத்திற்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இதற்குப் பல ஆண்டுகள் ஆயின. நமது பாட்டனார் காலத்து அனுபவம் இதுவே. “சம்மன் வரட்டும்” என்னும் எண்ணமும் அக்காலத்து வழக்கின் மிச்சமே.

2002-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய, ‘சர்ஃபேசி’ என்று சுருக்கமாக வழங்கும் சட்டம் இந்நிலையை மாற்றிவிட்டது. இதன்படி வங்கிகளும், வீட்டுக்கடன் நிறுவனங்களும், அறிவிக்கப்பெற்ற நிதி நிறுவனங்களும் நீதிமன்றத்தின் உத்தரவு பெறாமலேயே ஈடு வைத்த வீட்டைத் தம் வசமாக்கி விற்கலாம். அமெரிக்காவிலும் சில மாநிலங்களில் நீதிமன்றத்தின் வழியாகவும், வேறு சில மாநிலங்களில் நீதிமன்றம் செல்லாமலும் அடமான வீடுகள் ஏலம் விடப்படுகின்றன. நம் நாட்டில் 2002-க்குப் பின்னர் இரு முறைகளும் அருகருகே நடைபெறுகின்றன.

இதன் விளைவை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். முன்னர் வழக்குத் தொடுக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். இன்று வழக்குத் தொடுக்க வேண்டியவர் கடனாளி. சட்டம் கதவுகளை அடைத்துவிடவில்லை. ஆனால் கதவைத் தட்ட வேண்டியவர் நாமாகிவிட்டோம். ஒவ்வொரு கதவும் குறித்த நாள்வரைதான் திறந்திருக்கும்.

இச்சட்டம் செல்லுமா என்பதை ‘மார்டியா கெமிக்கல்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆராய்ந்தது. சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு. எனினும், கடனாளி முறையிட வேண்டுமானால் கோரப்பட்ட தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்டவேண்டும் என்றிருந்த ஷரத்தை நீதிமன்றம் ரத்துச் செய்தது. கடனாளியின் ஆட்சேபணையை வங்கி பரிசீலிக்க வேண்டும் என்றும் கூறியது. அதன் பயனாகவே இன்று ஏழை நெசவாளரும் பெருந்தொகை கட்டாமல் தீர்ப்பாயத்தின் முன் நிற்க முடிகின்றது.

முதற் கதவு: நோட்டீஸ் வருமுன்

தவணை தவறி 90 நாட்கள் கடந்தால் வங்கி அக்கடனை வாராக்கடன் வகையில் சேர்க்கும். அதற்கு முன்னரே 30 நாள், 60 நாள் என்ற படிகளில் அக்கணக்கு தனிக் கவனத்திற்கு உள்ளாகிறது. இந்த 90 நாட்களே மிகுந்த மதிப்புடையவை. இக்காலத்தில் வங்கி மேலாளரிடம் செல்பவர் ‘தவணை மாற்றம் கோருபவர்’. அதன் பின்னர்ச் செல்பவர் ‘தவறியவர்’. இரண்டிற்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

நூல் விலை ஏறியதாலோ, பாவு கிடைக்காததாலோ, நோயினாலோ வருமானம் குறைந்ததாயின், அதனை எழுத்தில் எழுதி, தவணைக் காலத்தை நீட்டிக்கவும், மாதத் தொகையைக் குறைக்கவும் கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டால் அதற்குச் சாட்சியில்லை. விண்ணப்பத்தின் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்க. கடன் வாங்கியவர் காலமாகிவிட்டிருந்தால், கடனோடு சேர்த்து ஆயுள் காப்புறுதி ஏதேனும் எடுக்கப்பட்டதா என்பதை வாரிசுகள் உடனே விசாரிக்க வேண்டும். காப்புறுதிக்குப் பிரீமியம் பிடித்தம் செய்யப்பட்டதே தெரியாமல் வீட்டை விற்க நினைப்பவர்களும் உண்டு.

கணக்கு விவரத்தையும் கேட்டு வாங்குக. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பிறப்பித்து 2024-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தவணை தவறியதற்கான அபராதத்தை அசலோடு கூட்டி அதன்மேல் வட்டி போடலாகாது. நம் கணக்கில் அவ்வாறு செய்யப்பட்டிருப்பின் அதனைச் சுட்டிக்காட்டலாம். வாராக்கடன் என்று ஒருமுறை குறித்துவிட்டால், நிலுவையிலுள்ள வட்டியும் அசல் தவணைகளும் முழுவதும் கட்டப்பட்ட பின்னரே அது மீண்டும் நல்ல கணக்காகும். ஓரிரு தவணை கட்டியது போதாது.

இரண்டாம் கதவு: 60 நாள் நோட்டீஸ்

வாராக்கடன் ஆனபின் வங்கி சட்டத்தின் 13(2) பிரிவின்கீழ் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பும். கட்டவேண்டிய தொகையும், எந்தச் சொத்தின்மீது நடவடிக்கை என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பணம் கட்ட 60 நாள் தவணை. ஜாமீன் நின்றவர்க்கும் நோட்டீஸ் வரலாம். அவரும் இதனை அலட்சியம் செய்யலாகாது.

இந்த 60 நாட்களுக்குள் ஆட்சேபணை எழுதி அனுப்புதல் கடனாளியின் உரிமை. தொகை தவறு, கட்டிய பணம் வரவு வைக்கப்படவில்லை, குறித்த நிலம் விளைநிலம், கடன் நம் பெயரில் இல்லை என்பன போன்ற காரணங்களைத் தெளிவாக எழுதவேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் வங்கி, ஏற்காவிடில் அதற்கான காரணத்தைப் பதிலாகத் தரவேண்டும். இந்நிலையில் தீர்ப்பாயம் செல்ல இயலாது என்பது உண்மை. ஆயினும், பின்னர்த் தீர்ப்பாயத்தில் நாம் காட்டப்போகும் முதற் சான்று இந்த ஆட்சேபணைக் கடிதமே. ஆகையால் அதனை ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துக. நோட்டீஸ் வந்த உறையையும் எறிந்துவிடலாகாது. தபால் முத்திரையின் தேதி பின்னர் பயன்படும்.

நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துமூலமான சம்மதமின்றி அந்த வீட்டை விற்பதும், வேறொருவர்க்கு மாற்றுவதும் தடுக்கப்பட்டுள்ளன. ஆனால் வங்கியின் சம்மதத்தோடு நாமே நல்ல விலைக்கு ஆள் பார்த்து விற்று, கடனைத் தீர்த்து மிச்சத்தை வைத்துக்கொள்வதற்குத் தடையில்லை. ஏலத்தில் வரும் விலை பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவு. வீட்டைக் காக்க வழியே இல்லை என்று நேர்ந்தால், ஏலத்திற்கு விடுவதைவிட இதுவே மேல்.

மூன்றாம் கதவு: 45 நாள் முறையீடு

60 நாட்கள் கழிந்தும் கடன் தீரவில்லையானால் வங்கி 13(4) பிரிவின்கீழ்ச் சொத்தைத் தன் வசமாக்கும். வாயிலில் சுவாதீன அறிவிப்பை ஒட்டுவதும், ஏழு நாட்களுக்குள் இரண்டு செய்தித்தாள்களில் வெளியிடுவதும், அவற்றுள் ஒன்று வட்டார மொழியில் இருப்பதும் விதி. இது பெரும்பாலும் பெயரளவுச் சுவாதீனமே. குடும்பம் உள்ளேயே இருக்கும். ஆளை வெளியேற்றவேண்டுமாயின், வங்கி 14-ஆவது பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனுச் செய்து உத்தரவு பெறும்.

சுவாதீன நடவடிக்கை எடுக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள், 17-ஆவது பிரிவின்கீழ்க் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். நமது திருவள்ளூர் மாவட்டத்தார் செல்லவேண்டிய தீர்ப்பாயம் சென்னையில் உள்ளது. கடன் 10 லட்சம் ரூபாய்க்குக் குறைவாயின், ஒவ்வொரு லட்சத்திற்கும் அல்லது அதன் பகுதிக்கும் 500 ரூபாய் என்பதே கடனாளிக்குரிய மனுக்கட்டணம். பாக்கி 7 லட்சத்து 40 ஆயிரம் என்றால் கட்டணம் 4,000 ரூபாய்.

நோட்டீஸ் விதிப்படி தரப்பட்டதா, ஆட்சேபணைக்குப் பதில் தரப்பட்டதா, தொகை சரியா, சொத்து இச்சட்டத்திற்கு உட்பட்டதா என்பனவற்றைத் தீர்ப்பாயம் ஆராயும். வங்கியின் நடவடிக்கை சட்டத்திற்கு மாறானது என்று கண்டால், சொத்தைத் திருப்பி ஒப்படைக்க ஆணையிடும் அதிகாரமும் அதற்குண்டு. மனுவோடு இடைக்காலத் தடை வேண்டியும் கேட்கலாம். தடை தருகையில் ஒரு பகுதித் தொகையைக் கட்டுமாறு தீர்ப்பாயம் நிபந்தனை விதிப்பது வழக்கம். அதற்கும் ஆயத்தமாகச் செல்க.

இங்கே ஓர் எச்சரிக்கை. உள்ளூர்ச் சிவில் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கிவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பலாகாது. 34-ஆவது பிரிவு அவ்வழியை அடைத்துள்ளது. தீர்ப்பாயம் இருக்கையில் நேரே உயர் நீதிமன்றம் செல்வதையும் உச்ச நீதிமன்றம் 2010 முதல் பலமுறை கண்டித்துள்ளது. தவறான வாயிலில் நின்று கொண்டிருக்கும்போதே 45 நாள் கெடு ஓடிவிடும். தீர்ப்பாயத்தின் முடிவின்மேல் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு உண்டு. ஆனால் அங்கே கடனாளி கடன் தொகையில் பாதியைக் கட்டவேண்டும். காரணம் காட்டினால் கால் பங்கு வரை குறைக்கலாம். ஆதலின் முதற் படியிலேயே முழு ஆதாரங்களோடு வாதாடுவதே அறிவுடைமை.

நான்காம் கதவு: ஏல அறிவிப்புக்கு முன்னால்

விற்பனைக்கு முன்னர் வங்கி அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு சொத்தை மதிப்பிட்டு, குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்க வேண்டும். கடனாளிக்கு 30 நாள் விற்பனை நோட்டீஸ் தரவேண்டும். மதிப்பு மிகக் குறைவு என்று தோன்றினால், அண்டை வீடுகளின் அண்மைக் கிரயப் பத்திரங்களைக் காட்டி ஆட்சேபிக்கலாம்.

இவ்விடத்தில் நம்மவர் பலரும் அறியாத ஒன்றுண்டு. முன்னர் ஏலம் முடியும்வரை பணம் கட்டி வீட்டை மீட்கலாம் என்ற நிலை இருந்தது. 2016-இல் 13(8) பிரிவு திருத்தப்பட்டது. அதன்படி, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்னர்ச் செலவுகளுடன் முழுப் பாக்கியையும் கட்டினால்தான் விற்பனையை நிறுத்துமாறு கடனாளி உரிமையோடு கேட்கலாம். அறிவிப்பு வெளியாகிவிட்டால் அந்த உரிமை முடிந்தது என்று ‘செலிர்’ – ‘பாஃப்னா மோட்டார்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தீர்ப்பளித்துள்ளது. ஏல நாளன்று பணமூட்டையோடு போய் நின்றால் மீட்டுவிடலாம் என்று எண்ணுவது இனிப் பயனற்றது.

ஏலத்தில் கடனுக்கும் செலவுக்கும் மேலாக வந்த தொகை நமக்குச் சேரவேண்டியது. அதனைக் கேட்டுப் பெறுக. குறைவாக வந்தால், மிச்சக் கடனுக்கு நம்மீது வேறு நடவடிக்கை தொடரலாம் என்பதையும் மறவாதீர்கள்.

இந்நாட்களைக் கணக்கிட ஓர் உதாரணம் கூறுவோம். ஓர் அங்கத்தினர்க்கு ஜூன் 1-இல் நோட்டீஸ் கிடைக்கிறது என்று கொள்வோம். ஜூலை 31 அளவில் 60 நாள் முடிகின்றது. ஆகஸ்ட் 10-இல் சுவாதீன அறிவிப்பு ஒட்டப்படுகிறது. செப்டம்பர் 24-க்குள் அவர் தீர்ப்பாயம் செல்லவேண்டும். அக்டோபர் 5-இல் ஏல அறிவிப்பு வெளியானால் மீட்புரிமை அன்றோடு முடிகின்றது. நவம்பர் 4-க்கு முன் ஏலம் நடத்தலாகாது. முதல் நோட்டீஸுக்கும் மீட்புரிமையின் முடிவுக்கும் இடையே நான்கு மாதங்களே உள்ளன. அடுத்த பருவத்து வெட்டுக்கரும்பின் பணம் வருவதற்குள் இவ்வளவும் நடந்துவிடலாம்.

இச்சட்டத்திற்கு உட்படாதவை

31-ஆவது பிரிவு சிலவற்றை விலக்கியுள்ளது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கு இச்சட்டத்தின்கீழ் நடவடிக்கை இல்லை. அசலும் அதன் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்திற்கும் குறைவாகவே பாக்கி நின்றாலும் இல்லை. விளைநிலத்தின் மீதும் இல்லை. எனினும் பட்டாவில் ‘நஞ்சை’, ‘புஞ்சை’ என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. அந்நிலம் உண்மையில் எவ்வாறு பயன்படுகிறது என்பது உட்பட எல்லா நிலைமைகளையும் கருதவேண்டும் என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியுள்ளது. ஆகவே அடங்கல், சாகுபடிச் சான்று, ஆலைக்குக் கரும்பு அனுப்பிய சீட்டு இவற்றைச் சேர்த்து வைக்கவேண்டும். வங்கியல்லாத நிதி நிறுவனம் இச்சட்டத்தைப் பயன்படுத்தக் கடன் 20 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேலாக இருத்தல் வேண்டும் என்று 2021-இல் மத்திய அரசு அறிவித்தது. வீட்டுக்கடன் நிறுவனங்கட்கு விதி வேறு.

தறியைப் பற்றித் தனியே கூறவேண்டும். கைவினைஞரின் தொழிற்கருவிகளும் உழவரின் உழவுக் கருவிகளும் டிக்ரிக்காக ஜப்தி செய்யப்படலாகாது என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு. ஆனால் அக்கருவியையே ஈடு வைத்துக் கடன் பெற்றிருந்தால் இப்பாதுகாப்பை நம்பியிருத்தல் இயலாது. தரையில் பொருத்திய விசைத்தறி வீட்டைச் சேர்ந்ததா, தனிப் பொருளா என்ற வினாவும் எழக்கூடும். ஆதலின் சுவாதீன அறிவிப்பு வந்தவுடன், தறி, பாவு, நூல் ஆகியவற்றின் பட்டியலை எழுதி, இவை ஈட்டில் சேராதவை என்று வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலுள்ள நூல் சங்கத்தினுடையதாகவோ பிறருடையதாகவோ இருந்தால், அவர்கட்கும் அன்றே தெரிவித்தல் கடமை.

கூட்டுறவுக் கடனும் தனியார் கடனும்

கூட்டுறவு வங்கிகளுக்கும் சர்ஃபேசி சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. வங்கியாக இயங்காத தொடக்கச் சங்கம், வீட்டு வசதிச் சங்கம் ஆகியவற்றின் பாதை வேறு. அவை 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆவது பிரிவின்கீழ்ப் பதிவாளர் முன் தாவாவாகக் கொண்டுசென்று, தீர்வு பெற்று, அதனை நிறைவேற்றும். அங்கே அங்கத்தினர்க்கு அறிவிப்பு வரும். நேரில் ஆஜராகிக் கணக்கைக் கேட்கலாம். தீர்வு ஒருதலையாக அமையாதிருக்க ஆஜராவது ஒன்றே வழி. அதன்மேல் கூட்டுறவுத் தீர்ப்பாயத்திற்கு மேல்முறையீடும் உண்டு.

தனியாரிடம் வைத்த அடமானத்தில் பழைய முறையே நிலவுகின்றது. அவர் நீதிமன்றம் செல்லவேண்டும். நீதிமன்றம் முதனிலை டிக்ரி வழங்கி, பணம் கட்ட ஆறு மாதம் வரை தவணை தரும். விற்பனை உறுதி செய்யப்படும் வரையிலும் பணம் கட்டி மீட்கலாம். ஏலம் முடிந்திருந்தால் ஏலத்தொகையில் 5 சதவீதம் சேர்த்துக் கட்டவேண்டும். வங்கியிடம் இல்லாத இந்தச் சலுகை இங்கு உண்டு.

ஆயினும், தனியார் கடனில் வேறோர் ஆபத்து இருக்கின்றது. அடமானப் பத்திரம் எழுதாமல், ‘சும்மா ஒரு பாதுகாப்புக்கு’ என்று சொல்லிக் கிரயப் பத்திரமே எழுதி வாங்குவோர் உள்ளனர். பணத்தைத் திருப்பினால் வீட்டைத் திரும்ப எழுதித் தருவதாகத் தனித் தாளில் ஒப்பந்தம் தருவர். 1929-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரும்ப எழுதித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்திலேயே இருந்தாலன்றி அது அடமானமாகாது. அப்படியாயின் மீட்புரிமையும் கிடைக்காது. கடனுக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று நமது அங்கத்தினர்களை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றை 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது; மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கடன் வசூலில் மிரட்டலையும் வன்முறையையும் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமும் இயற்றியது.

சமரசமும் சட்ட உதவியும்

ஒரே தவணையில் குறைத்துக் கட்டித் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை வங்கிகள் அவ்வப்போது அறிவிக்கின்றன. அதனைக் கேட்கலாம், ஆனால் உரிமையாகக் கோர முடியாது என்று, ஒரு நகரக் கூட்டுறவு வங்கியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் கூறிவிட்டது. மக்கள் நீதிமன்றத்திலும் சமரசம் செய்துகொள்ளலாம். அங்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கு ஒப்புக்கொண்ட தீர்வு டிக்ரிக்கு ஒப்பானது, மேல்முறையீடு கிடையாது. கூலியையும் குடும்பச் செலவையும் கணக்கிட்டு, கட்டக்கூடிய தவணைக்கு மட்டுமே கையொப்பமிடுக. வெட்கத்தினால் பெரிய தொகைக்குத் தலையசைத்து வந்தால், அடுத்த மாதமே மீண்டும் தவறும்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கட்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இலவச உதவி அளிக்கின்றது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர் முதலியோர்க்கு வருமான வரம்பின்றியே இது கிடைக்கும். கடன் மனைவியின் பெயரிலும் இருப்பின் அவரே விண்ணப்பிக்கலாம். திருவள்ளூரில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ, வட்டக் குழுவையோ அணுகலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் விசாரிக்கலாம். வங்கியின் சேவைக் குறைபாடு பற்றி முதலில் வங்கிக்கே எழுதி, 30 நாட்களில் பதில் வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்க்குக் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் அம்முறையீடு ஏலத்தைத் தானாக நிறுத்தாது. 45 நாள் கெடுவையும் நீட்டாது.

கடனை முழுதும் தீர்த்தபின் பத்திரங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும் என்றும், தம் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் ஈடு தரவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டது. வில்லங்கச் சான்றில் அடமானம் நீங்கியதா என்று பார்த்த பின்னரே மன அமைதி கொள்க.

நமது கடமை

இந்நாட்டின் கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கத்தை நினைக்குங்கால், நமது மாவட்டத்துத் திரூர் என்னும் கிராமம் நினைவுக்கு வருகின்றது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த ஆண்டிலேயே அங்கு வேளாண்மைக் கடன் சங்கம் பதிவாயிற்று. லேவாதேவிக்காரரிடம் நிலத்தையும் வீட்டையும் இழந்துவந்த குடியானவர், ஒருவர்க்கொருவர் துணையாக நின்றால் இழக்கவேண்டியதில்லை என்பதே அந்த முயற்சியின் கருத்து. தனியே இருப்பவன் நோட்டீஸைக் கண்டு அஞ்சிப் பெட்டியில் ஒளித்து வைப்பான். சங்கத்தில் இருப்பவன் அதனை எடுத்துவந்து நாலுபேரிடம் படிக்கச் சொல்வான். வீடு தப்புவதும் தப்பாததும் பல வேளைகளில் இவ்வொரு வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

ஆகவே சங்க நிர்வாகிகட்கு ஒரு வேண்டுகோள். அங்கத்தினர் எவர்க்கேனும் நோட்டீஸ் வந்தால், அது வந்த நாளையும், 60-ஆம் நாளையும், 45 நாள் கெடுவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து நினைவூட்டுக. எழுதத் தெரியாதவர்க்கு ஆட்சேபணைக் கடிதம் எழுதித் தருக. சட்டப்பணிகள் குழுவிற்கு உடன் செல்ல ஒருவரை அனுப்புக. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. நேரமும் பரிவும் போதும்.

அங்கத்தினர்கட்கும் ஒன்று சொல்வோம். கடன் வாங்கியது குற்றமன்று. தவணை தவறியதும் குற்றமன்று. வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பதே கேடு. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் நம் முன்னோர் காட்டிய நெறி. இம்மாதம் தவணை கட்ட இயலாது என்று தோன்றும் அன்றே, தறியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுப் பத்திரங்களோடு சங்கத்திற்கு வருக.